விருதுப் படிவத்தில் "நாங்கள்" எங்கே முடிகிறது, அவர் எங்கே தொடங்குகிறார்?

மார்க்கெட்டிங் துறைப் பெண்களுக்கான விருதுக்கு என்ட்ரி, அதாவது விண்ணப்பம், எழுதும்போது முதல் வரைவில் ஒரே பிழை திரும்பத் திரும்ப வரும். "நாங்கள் திட்டமிட்டோம், எங்கள் டீம் களத்தில் இறங்கியது, பிராண்ட் வளர்ந்தது." படித்து முடித்தால் பிராண்டின் ஜாதகமே தெரிந்துவிடும். யாருக்காக அந்தப் படிவமோ, அந்தப் பெண் அதில் என்ன செய்தார் என்பது மட்டும் தெரியாது. ஆண்கள் தங்களுக்காக எழுதிக்கொடுக்கும் குறிப்புகளில் "நான்" தாராளமாகவே இருக்கும். பெண்கள் அனுப்பும் குறிப்புகளில் அதைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். வேலையில் பாதி அந்தத் தேடல்தான்.

முதலில் எந்த வகை விருது என்று பார்த்துவிட வேண்டும். விளம்பரத் துறையின் உலக விருது விழாவான கான் லயன்ஸில், பாலினப் பாகுபாட்டை எதிர்க்கும் வேலைகளுக்காக 2015-இல் 'கிளாஸ்' என்ற பிரிவைத் தொடங்கினார்கள். அதன் உச்சப் பரிசான கிராண்ட் ப்ரீ முதல் முறை நம் நாட்டுக்கே வந்தது: விஸ்பர் நாப்கினுக்காக பி.பி.டி.ஓ. இந்தியா என்ற விளம்பர நிறுவனம் செய்த 'டச் த பிக்கிள்'. தீட்டு நாளில் ஊறுகாய் ஜாடியைத் தொட்டால் கெட்டுப்போகும் என்று நம் வீடுகளிலும் சொல்லுவார்களே, அதைத்தான் அந்த வேலை கையில் எடுத்தது. 2017-இல் அதே பரிசு நியூயார்க்கில் காளைச் சிலைக்கு எதிரே ஒரு நிதி நிறுவனம் விளம்பரமாக நிறுத்திய சிறுமி சிலைக்குப் போனது. இவை வேலைக்குத் தரும் விருதுகள். செய்தவர் ஆணா பெண்ணா என்று கேட்பதில்லை. நியூயார்க்கில் தகவல்தொடர்புத் துறைப் பெண்களுக்கு 1971 முதல் தரும் மேட்ரிக்ஸ் விருதும், 2004-இல் தொடங்கிய தொழில்துறைப் பெண்களுக்கான ஸ்டீவி விருதில் உள்ள தனிநபர் பிரிவுகளும் ஆளுக்குத் தருபவை. முதல் வகைக்கு எழுதிய கேஸ் ஸ்டடியை, அதாவது வேலை எப்படி நடந்தது, என்ன பலன் என்ற அறிக்கையை, இரண்டாம் வகைப் படிவத்தில் அப்படியே ஒட்டுவதுதான் அதிகம் நடக்கும் விபத்து. விளம்பரப் படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், "இதில் இவர் பங்கு என்ன?" என்று ஜூரி கேட்டுவிட்டு மதிப்பெண்ணைக் குறைத்துவிடும்.

டெட்லைனுக்கு எட்டு வாரம் முன்பே தொடங்குவது நல்லது. எழுத ஐந்து நாள் போதும். மீதி நாளெல்லாம் கிளையன்டிடம், அதாவது விளம்பரம் செய்யச் சொன்ன நிறுவனத்திடம், எண்களுக்கு அனுமதி வாங்கவே போய்விடும். விற்பனைத் தொகையை வெளியே சொல்ல எந்த நிறுவனமும் சட்டென்று ஒப்புக்கொள்ளாது. சட்டப் பிரிவு, நிதிப் பிரிவு என்று கோப்பு சுற்றும். அதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. தொகையைச் சொல்லாமல் குறியீட்டெண்ணாகக் கொடுப்பது: முந்தைய ஆண்டின் விற்பனை 100 என்றால் இந்த ஆண்டு 138. இதற்குப் பெரும்பாலும் அனுமதி கிடைத்துவிடும்.

ஆனால் 138 மட்டும் போதாது. அதே ஆண்டில் அந்தப் பொருள் வகை முழுவதுமே 100-லிருந்து 112-க்கு வளர்ந்திருந்தால், சந்தையோடு சேர்ந்து தானாக வந்ததைக் கழித்துவிட்டுத்தான் பேச வேண்டும். 138-ஐ 1.12-ஆல் வகுத்தால் 123 சொச்சம். அதாவது சந்தையைவிட 23 சதவீதம் கூடுதல். அதை நாமே எழுதிவிட்டால் ஜூரிக்கு நம்பிக்கை வரும். எழுதாமல் விட்டால், அந்த வகையை நன்றாக அறிந்த ஒருவர் ஜூரியில் கட்டாயம் இருப்பார். அவர் கழித்துக்கொள்வார், கூடவே நம் நேர்மையையும் கொஞ்சம் கழித்துக்கொள்வார்.

பண்டிகை மாதங்களை ஒப்பிடும்போது இன்னும் கவனம் வேண்டும். 2023-இல் தீபாவளி நவம்பர் 12. 2024-இல் அக்டோபர் 31. 2023 அக்டோபரையும் 2024 அக்டோபரையும் பக்கத்தில் வைத்து "விற்பனை பாய்ந்தது" என்று எழுதினால், அந்தப் பாய்ச்சலில் பெரும்பங்கு பஞ்சாங்கத்தின் வேலை. தீபாவளிக்கு முந்தைய ஆறு வாரத்தை இரண்டு ஆண்டிலும் எடுத்து ஒப்பிட வேண்டும். வெளிநாட்டு ஜூரிக்கு இது தெரியாது என்று துணிந்து விடுபவர்கள் உண்டு. நம் ஊர் நடுவர் ஒருவர் இருந்துவிட்டால் அத்தோடு சரி.

லட்சம், கோடி இன்னொரு கண்ணி. ஒரு கோடி என்பது 10 மில்லியன். 4.2 கோடியை 42 மில்லியன் என்று எழுத வேண்டிய இடத்தில் 4.2 மில்லியன் என்று போட்டு, தன் சாதனையைத் தானே பத்தில் ஒன்றாக்கிக்கொண்ட படிவங்கள் கண்ணில் படுகின்றன.

இப்போது எழுத்து. படிவத்தில் 650 சொல் வரம்பு என்று வைத்துக்கொள்வோம். பின்னணிக்கு 80 சொல்லுக்கு மேல் தரக் கூடாது. முடிவெடுத்த தருணங்கள் இரண்டு அல்லது மூன்றுக்கு 350. விளைவுக்கு 150. மீதி, மற்ற பெண்களுக்குச் செய்ததற்கு. பலர் தலைகீழாகப் பிரிக்கிறார்கள்: நிறுவனம் எந்த ஆண்டு தொடங்கியது, எத்தனை கிளை என்பதிலேயே 300 சொல் போய்விடும்.

முடிவெடுத்த தருணம் என்றால் என்ன? ஒரு மசாலாப் பொடி பிராண்டை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். "பிராண்டின் கிராமப்புற விரிவாக்கத்தை முன்னின்று நடத்தினார்" என்பது முதல் வரைவு. அவரிடமே உட்கார்ந்து கேட்டால் வேறு கதை வரும். டிவி பட்ஜெட்டில் 30 சதவீதத்தை வெட்டி, வாரச் சந்தைகளில் 10 கிராம் மாதிரிப் பொட்டலம் கொடுக்கும் வேலைக்கு மாற்றச் சொன்னது அவர். விற்பனைப் பிரிவு எதிர்த்தது. மூன்று மாவட்டத்தில் மட்டும் எட்டு வாரம் செய்து பார்ப்போம் என்று இறங்கி வந்தவரும் அவர்தான். இரண்டாம் வாரமே ஒரு மாவட்டத்தில் பொட்டலம் கடைக்காரர் கையில் தேங்கியது. கடைக்காரர் வழியாகக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, சந்தையில் எண்ணெய் செக்குக்காரர் பக்கத்தில் மேசை போடச் சொன்னார். இந்த ஐந்து வரி கிடைத்த பிறகு "முன்னின்று நடத்தினார்" என்ற வரிக்கே வேலையில்லை.

அவரிடம் கேட்க ஒரே கேள்வியை வைத்துக்கொண்டால் போதும்: "அன்றைக்கு நீங்கள் லீவில் இருந்திருந்தால் என்ன நடக்காமல் போயிருக்கும்?" முதலில் "டீம் பார்த்துக்கொண்டிருப்பார்கள்" என்பார். இரண்டாவது முறை கேளுங்கள். டீமுக்கான பெருமையை ஒரே வாக்கியத்தில், எத்தனை பேர் என்ற எண்ணோடு கொடுத்துவிடலாம். அது அடக்கமும் ஆகும், தகவலும் ஆகும்.

நீக்க வேண்டிய வரிகளில் முதலிடம் "குடும்பத்தையும் கவனித்துக்கொண்டே" என்பதற்கு. மேலதிகாரி தரும் பரிந்துரைக் கடிதத்தில் இது அன்போடு வந்து உட்கார்ந்திருக்கும். கூடவே "கடின உழைப்பாளி", "எப்போதும் புன்னகையோடு" எல்லாம். எதுவும் மதிப்பெண் வாங்கித் தராது. கடிதம் கேட்கும்போதே, "அவர் எடுத்த எந்த முடிவில் உங்களுக்கு முதலில் உடன்பாடு இல்லை, பிறகு எது உங்களை மாற்றியது என்று ஆறு வரி எழுதுங்கள், சார்" என்று கேட்டுவிடுங்கள். கிளையன்ட் தரப்புக் கடிதம் ஒன்று கிடைத்தால் அது சொந்த முதலாளியின் இரண்டு கடிதத்துக்குச் சமம்.

மகப்பேறு விடுப்பு தனிச் சிக்கல். பல விருதுகள் கடந்த ஒன்றரை, இரண்டு ஆண்டு வேலையை மட்டும் கணக்கில் எடுக்கும். இந்தியச் சட்டப்படியான 26 வார விடுப்பு அதற்குள் விழுந்தால் காட்ட இருக்கும் காலம் சுருங்கிவிடும். அதை மறைக்கவும் வேண்டாம், உருக்கமாக எழுதவும் வேண்டாம். "இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை விடுப்பு, கீழே உள்ள வேலைகள் மீதி மாதங்களில் நடந்தவை" என்று ஒரு வரி. அமைப்பாளருக்கு முன்கூட்டியே மெயில் போட்டு, விடுப்புக்கு ஈடாக முந்தைய மாதங்களைச் சேர்க்கலாமா என்று கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை. பதில் எழுத்தில் இருக்கட்டும்.

மற்ற பெண்களுக்கு என்ன செய்தீர்கள் என்ற கேள்வி இந்த வகை விருதுகளில் அடிக்கடி வரும். பின்னணியில் பழைய சங்கதி ஒன்று இருக்கிறது. நியூயார்க் விளம்பரக்காரர்களின் சங்கம் ஆண்களுக்கு மட்டும் என்றிருந்த காலத்தில், 1912-இல் பெண்கள் தனிச் சங்கம் வைத்தார்கள். லண்டனில் 1923-இல் இன்னொன்று. கைகொடுத்துத் தூக்கிவிடுவதும் அந்தச் சங்கங்களின் வேலை. ஆகவே "பல இளம் பெண்களுக்கு வழிகாட்டி" என்ற வரி இங்கே எடுபடாது. எத்தனை பேர், எந்தப் பதவியிலிருந்து எந்தப் பதவிக்குப் போனார்கள், விடுப்பு முடிந்து திரும்பியவர்களுக்கு அதே அக்கவுன்ட், அதாவது முன்பு கவனித்த அதே கிளையன்ட் வேலை, திரும்பக் கிடைத்ததா. இப்படி எழுத எதுவும் இல்லையென்றால் சுருக்கமாக முடித்துவிடலாம். மகளிர் தினத்தன்று கேக் வெட்டிய படத்தை மட்டும் இணைக்காதீர்கள்.

இனி, படிவத்தைப் பதிவேற்றும்போது வரும் சில்லறைத் தொல்லைகள். வேர்டிலிருந்து ஒட்டினால் ரூபாய்க் குறி கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ மாறும், ஐ.என்.ஆர். (INR) என்று ஆங்கில எழுத்தில் போடுங்கள். வேர்ட் காட்டும் சொல் எண்ணிக்கையும் படிவம் எண்ணுவதும் ஒத்துப்போகாது, பத்து இருபது சொல் குறைவாகவே வைத்திருங்கள். நியூயார்க் நேரப்படி இரவு 11.59 என்றால், அங்கே கோடைக்காலமாக இருக்கையில் நமக்கு மறுநாள் காலை 9.29, குளிர்காலத்தில் 10.29. கடைசி நேரத்தில் பணம் கட்டப் போனால் கார்டு மறுக்கும். நம் வங்கிகள் புதிதாகத் தரும் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியே வரும், வங்கிச் செயலியில் போய்த் திறக்க வேண்டும். அதற்குள் டெட்லைன் தாண்டினால் தாமதக் கட்டணம் தனி.

"நீங்கள் ஏற்கெனவே தேர்வாகிவிட்டீர்கள், இவ்வளவு கட்டினால் மேடையில் கோப்பை" என்று வரும் அழைப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஜூரி யார் என்ற பட்டியல் இல்லை, யாரும் உங்களைப் பரிந்துரைக்கவில்லை, பிரிவுகளோ நூற்றுக்கணக்கில். அது விருதல்ல, விற்பனை. முறையான விருதுகளுக்கும் நுழைவுக் கட்டணம், விழா டிக்கெட், கூடுதல் கோப்பை என்று செலவு உண்டுதான். ஆனால் அங்கே கட்டணம் வாங்கிக்கொண்டு தோற்கவும் விடுவார்கள்.

கடைசியாகப் பெயர். வெளிநாட்டுப் படிவத்தில் குடும்பப் பெயர்க் கட்டத்தை நிரப்பாமல் நகர முடியாது. நம் பெண்கள் இனிஷியலோடு வாழ்கிறவர்கள். வேறு வழியில்லாமல் அதை விரித்து அப்பா பெயரைப் போட்டால், ஷார்ட்லிஸ்ட் மெயில் "டியர் மிஸ் ராமசாமி" என்று வரும். கவனிக்காமல் விட்டால் சான்றிதழும் அப்படியே. சிலருக்குப் பாஸ்போர்ட்டில் கணவர் பெயர், பழைய கேம்பெய்ன் பட்டியல்களில் அப்பா பெயரின் முதலெழுத்து. ஆதாரமாக இணைத்த செய்தியில் ஒரு பெயரும் படிவத்தில் வேறு பெயரும் இருந்தால், இருவரும் ஒருவரே என்று தெரியாமல் ஜூரி குழம்பும். ஒரு வரி விளக்கம் சேர்த்துவிடுங்கள். கட்டத்தில் இனிஷியலை மட்டும் போட்டுப் பாருங்கள், சில படிவங்கள் ஒற்றை எழுத்தை ஏற்கும். ஏற்காவிட்டால் எதையாவது நிரப்பிவிட்டு, கோப்பையில் எப்படிப் பொறிக்க வேண்டும் என்று அன்றே தனி மெயில் அனுப்பிவிடுங்கள். ஜெயித்த பிறகு பொறிப்பு மாதிரி சரிபார்க்க வந்தால், அதை அலுவலகத்தில் யாரும் முந்திக்கொண்டு ஓகே செய்யாமல் அவருக்கே அனுப்புங்கள். தன் பெயர் எப்படி எழுதப்பட வேண்டும் என்பதை அவர் சொல்லட்டும்.