ஷெட்லாந்திலிருந்து ஆஸ்கி: இரண்டாவது முறையில் பாஸ்

வெளிநாட்டில் படித்த நர்ஸ்கள் பிரிட்டனில் பதிவு பெறக் கொடுக்கும் செய்முறைத் தேர்வுதான் ஆஸ்கி. நேற்று மாலை அதன் முடிவு மின்னஞ்சலில் வந்தது. பாஸ். ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்கும் ஷெட்லாந்து தீவுகளில், லெர்விக் ஊர்த் துறைமுகத்து ஓரமாக நடந்துகொண்டிருந்தவள் அப்படியே நின்று மூன்று முறை படித்துப் பார்த்தேன். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

தேர்வில் பத்து ஸ்டேஷன், அதாவது பத்துப் பகுதி. முதல் முறை என்னைக் கவிழ்த்தது ஒரே ஸ்டேஷன், இம்ப்ளிமென்டேஷன்: நோயாளிக்கு மருந்து கொடுத்துக் காட்டுவது. பெயர் கேட்டேன். பிறந்த தேதி கேட்டேன். கைப்பட்டையோடும் மருந்துத் தாளோடும் ஒத்துப் பார்த்தேன். அலர்ஜி கட்டத்தை மட்டும் கண்ணால் பார்த்துவிட்டு மாத்திரைக்குப் போய்விட்டேன். வாயைத் திறந்து கேட்கவில்லை. மற்ற ஒன்பதும் பாஸ். அந்த ஒரு கேள்விக்காக மறுபடி 397 பவுண்டு. எட்டு வருடம் வார்டில் நின்றவளுக்கு அது எப்படி வலித்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

நான் வந்து இறங்கியது நவம்பரில். டிசம்பரில் இங்கே ஒன்பது மணிக்கு விடிந்து மூன்று மணிக்கே இருட்டிவிடும். தனி அறையில் புத்தகமும் வீடியோவுமாக உட்கார்ந்திருந்தேன். அதுதான் தப்பு. ஆஸ்கியை மனசுக்குள் படிக்கவே கூடாது.

பெயிலான செய்தி ஒரே நாளில் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது, சின்ன ஊர். பக்கத்து வீட்டுப் பாட்டி கதவைத் தட்டி, "நான் நோயாளியாகப் படுக்கிறேன், வா" என்றார். காகிதத்தில் கைப்பட்டை வெட்டிக் கட்டினேன். ஒவ்வொரு தடவையும் பிறந்த தேதியை மாற்றிச் சொல்லி என்னைச் சோதிப்பார். அலர்ஜி கேட்க மறந்தால் மாத்திரையை வாங்காமல் கையை இறுக மூடிக்கொள்வார். தேர்வு அறையில் அந்த மூடிய கைதான் ஞாபகத்துக்கு வந்தது. "பீரி" என்றால் இங்கே "சின்ன". வலி எவ்வளவு என்று கேட்டால் "பீரி பிட்" என்பார்கள். அதையும் அவரிடம்தான் கற்றேன்.

தீவிலிருந்து போகிறவர்களுக்கு:

- இங்கே தேர்வு மையம் கிடையாது. இரண்டு நாள் முன்னதாகவே கிளம்புங்கள். முதல் முறை பலத்த காற்றில், இங்குள்ள சம்பரோ விமான நிலையத்திலிருந்து போகவேண்டிய விமானம் ரத்து. இரவுக் கப்பலில் 12 மணி நேரம் வாந்தி எடுத்துக்கொண்டே அபர்தீன் போய், அங்கிருந்து ரயில் பிடித்தேன்.
- கப்பலில் கேபின் எடுங்கள். காசு பார்க்காதீர்கள். இரண்டாவது முறை கதவைச் சாத்திக்கொண்டு முழு மருந்து ஸ்டேஷனையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனேன்.
- கை கழுவுவதைக்கூட வாயால் சொல்லுங்கள்.
- எழுத்து ஸ்டேஷன் இரண்டுக்கும் நான் அதிகம் மெனக்கெடவில்லை. நிதானமாகப் படித்தால் போதும்.
- குழுப் படிப்பு எனக்கு ஒத்துவரவில்லை. ஒரே ஒரு ஆள், தினமும் ஒரு மணி நேரம், சரியாக வந்தது.

பாஸ் என்றதும் முதலில் பாட்டி வீட்டுக்குத்தான் ஓடினேன். கதவைத் திறந்தவர் ஒன்றும் கேட்காமல் கையை நீட்டினார், விரித்தபடி.