இருபது விநாடி

மார்ச் 3, 2025, திங்கள், இரவு

மாலை ஆறரை மணிக்குப் பெரியம்மா இறந்துவிட்டார். நாளை பிற்பகல் மூன்று மணிக்கு இறுதிச் சடங்கு. விசா புதுப்பிப்பதற்காகக் கடவுச்சீட்டை ஒப்படைத்திருக்கும் தம்பியால், பெரியம்மாவின் மகனால், வெளிநாட்டிலிருந்து கிளம்ப முடியாது. 82 வயதாகும் மூத்த பெரியம்மாவைப் படுக்கையிலிருந்து எழுப்பி அழைத்துவரவும் வழியில்லை. “அவனுக்காவது அம்மா முகத்தைக் காட்ட ஏற்பாடு பண்ணுடா” என்றார் அக்கா. அந்த நேரத்தில் அழாமல் நின்றவன் நான் ஒருவன்தான் என்பதால் சடங்கை நேரலையில் காட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

எனக்கென்று யூடியூபில் சேனல் இல்லை. புதிதாகத் தொடங்கினால் நேரலை வசதி கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். கைபேசியிலிருந்து ஒளிபரப்புவதற்குக் குறைந்தது 50 சந்தாதாரர்களும் இருக்க வேண்டும். ஜூமின் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் கூட்டம் முடிந்துவிடும் என்பதால் அதுவும் சரிவரவில்லை. கடைசியில், கணக்குப் பாடம் நடத்துவதற்காகச் சித்தப்பா மகள் வைத்திருக்கும் சேனலையே பயன்படுத்துவது என்று தீர்மானித்தோம். இணைப்பு கையில் இருப்பவர்கள் மட்டும் பார்க்கும்படி அதைப் ‘பட்டியலிடப்படாதது’ என்று அமைத்தாள். ‘தனிப்பட்டது’ என்று வைத்தால் பார்க்கும் ஒவ்வொருவருக்கும் கூகுள் கணக்கு வேண்டும். மூத்த பெரியம்மா அதற்கு எங்கே போவார்?

இணைப்பை அனுப்பும்போது இரண்டு இடத்து நேரத்தையும் சேர்த்தே எழுதினேன். தம்பிக்கு அது அதிகாலை நாலரை மணி.

மார்ச் 4, செவ்வாய், காலை

2020-இல் தாத்தா இறந்தபோது நான் திரைக்கு அந்தப் பக்கம் இருந்தேன். படம் பிடித்தவர் கைபேசியைத் தூக்கிக்கொண்டு கூடம் முழுவதும் நடந்ததில், நான் பார்த்ததெல்லாம் தரையும் செருப்புகளும் யாருடைய முதுகோ ஒன்றும்தான். பெருந்தொற்றுக் காலத்தில் அப்படிப் பார்த்தவர்கள் உலகெங்கும் இருந்தார்கள். 2021 ஏப்ரல் 17 அன்று பிரிட்டனின் இளவரசர் பிலிப்பின் இறுதிச் சடங்கிலேயே 30 பேருக்குத்தான் அனுமதி இருந்தது. எலிசபெத் அரசி தனியாக அமர்ந்திருந்ததை மற்றவர்கள் தொலைக்காட்சியில்தான் பார்த்தார்கள். ஆனால் அங்கே படம் நிலையாக இருந்தது. ஆகவே இன்று முக்காலியை விட்டுக் கைபேசியை எடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

பதினொரு மணிக்குக் கூடத்தில் ஒத்திகை பார்த்தோம். முதலில் வைத்த இடத்தில் எதிரே ஜன்னல் இருந்ததால் முகங்களெல்லாம் கறுத்துப்போயின. மேடைக்கு இடப்புறம் மாற்றியதும் சரியாயிற்று. பதிவேற்ற வேகம் நொடிக்கு 5 மெகாபிட்டை ஒட்டி வந்தது. 720பி தரத்துக்கு அது போதும். நடுவில் யாராவது அழைத்தால் ஒளிபரப்பு தடைபடும் என்பதால் அந்தக் கைபேசியை விமானப் பயன்முறையில் போட்டு, இன்னொரு கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தேன். படத்தைவிட ஒலிதான் தொல்லை கொடுத்தது. பேசுபவர் பத்தடி தள்ளி நின்றாலே மின்விசிறியின் இரைச்சல் பேச்சை விழுங்கிவிடுகிறது. சட்டையில் மாட்டும் சிறிய மைக் ஒன்றை இரவல் வாங்கி, பேசும் இடத்தில் கட்டினோம்.

பெரியம்மாவுக்குப் பிடித்த பாட்டின் ஒலிப்பதிவைப் போட அக்கா விரும்பினார். காப்புரிமைச் சோதனையில் நேரலையே நிறுத்தப்படலாம் என்று சித்தப்பா மகள் சொன்னதும் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்போ நானே பாடறேன்” என்றார்.

மார்ச் 4, இரவு

முழுதாக ஒரு மணி பத்து நிமிடம், அறுபடாமல் போய்ச் சேர்ந்தது. அக்கா இரண்டு வரிக்கு மேல் பாடவில்லை.

நான் செய்த தவறு ஒன்றை எழுதிவைக்க வேண்டும். தம்பி தனியாகப் பார்த்துக்கொண்டிருப்பானே என்று, என் சொந்தக் கைபேசியில் அவனை அழைத்து, இயர்போனைக் காதில் செருகிக்கொண்டு, நடப்பதை மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நேரலை அவனை எட்ட ஏறத்தாழ இருபது விநாடி பிந்தும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அது நினைவில் இல்லை. “அம்மாவைத் தூக்கிட்டாங்கடா” என்றேன். சற்று நேரம் பதிலே இல்லை. பிறகு, “இல்லையே அண்ணா, அம்மா இன்னும் இங்கேதானே இருக்காங்க” என்றான்.

எனக்கு முன்னால் மேடை காலியாகிவிட்டது. அவனுடைய திரையில் பெரியம்மா இருந்தார். நான் வாயை மூடிக்கொண்டு, அவனாகவே பார்த்து முடிக்கும்வரை காத்திருந்தேன். அதற்குப் பிறகு நான் விவரிக்கவில்லை. அழைப்பைத் துண்டிக்கவும் இல்லை.

மார்ச் 5, புதன்

மரணச் செய்தியை உறவினர் ஒருவர் சமூக ஊடகத்தில் பொதுவாகப் பகிர்ந்திருந்தார். அதன் கீழே முன்பின் தெரியாத ஒருவர், பெரியம்மாவின் படத்தையே எடுத்துப் போட்டு, ‘நேரலை இங்கே’ என்று வேறொரு இணைப்பை இட்டிருக்கிறார். அதைத் திறந்தால் பதிவு செய்வதற்கு வங்கி அட்டை எண்ணைக் கேட்கிறது. பல நாடுகளில் சில ஆண்டுகளாகவே நடக்கும் மோசடி இது. மாமா அட்டையைக் கையில் எடுத்துவிட்டு, நல்லவேளையாக என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். துக்க வீட்டில் யாரும் எதையும் இரண்டு முறை படித்துப் பார்க்கமாட்டார்கள் என்பதை அந்த ஆள் நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறான். புகார் அளித்து அதை நீக்கச் செய்தோம். உண்மையான இணைப்பு குடும்பத்தாரின் கைபேசியிலிருந்து மட்டுமே வரும், அதற்குப் பணம் கேட்கப்படாது என்று முதல் செய்தியிலேயே நான் எழுதியிருக்க வேண்டும்.

மார்ச் 7, வெள்ளி

மூத்த பெரியம்மா தினமும் இரவில் அந்தப் பதிவைத் தொலைக்காட்சியில் போடச் சொல்கிறாராம். சின்னம்மாவுக்கோ அதை உடனே அழித்துவிட வேண்டும். அழுது வீங்கிய தன் முகம் எங்கோ சேமிக்கப்பட்டிருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை, அவரைக் கேட்காமலே படம் பிடித்தோம் என்பதும் உண்மை. அடுத்த முறை கேமராவில் படாத சில வரிசைகளைத் தனியே ஒதுக்கி, அதை வாசலிலேயே எழுதி வைக்க வேண்டும். இப்போதைக்கு, கோப்பைப் பதிவிறக்கி அக்காவுக்கும் தம்பிக்கும் மூத்த பெரியம்மாவுக்கும் கொடுத்துவிட்டு இணையத்திலிருந்து நீக்குவது என்று பேசி முடித்தோம். எந்தத் தளமானாலும் அதை நிரந்தரப் பெட்டகம் என்று நம்புவதற்கில்லை. முகநூல்கூடப் புதிய நேரலைப் பதிவுகளை 30 நாளில் நீக்கும் வழக்கத்தைக் கடந்த பிப்ரவரி 19 அன்றுதான் தொடங்கியது.

பதிவிறக்கியதைப் பார்த்தபோது திரையின் இடது ஓரத்தில் தொடக்கம் முதல் முடிவு வரை என் முழங்கை தெரிந்தது. பெரியம்மாவின் முகத்தை அன்று நேராகப் பார்க்காமல் கைபேசித் திரையில்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதும் அப்போதுதான் உறைத்தது. ஓரத்தை வெட்டிவிட்டு அனுப்பலாம் என்று வைத்திருக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

தம்பி அழைத்தான். பதிவை மறுபடியும் பார்க்கவில்லை என்றும், கோப்பு மட்டும் கையில் இருக்கட்டும் என்றும் சொன்னான். ஓரத்தை வெட்டப்போவதைச் சொன்னேன்.

“அதை வெட்டாதீங்க அண்ணா. அம்மாவைத் தூக்கினப்புறம் திரையில அது ஒண்ணுதான் இருந்தது. நீங்க கிளம்பிப் போகலைன்னு தெரிஞ்சுது.”

அப்படியே அனுப்பிவிட்டேன்.