நாட்காட்டியில் ஒரு 'பின்'

ரசீதில் 'பேலன்ஸ் 37 சென்ட்' என்று இருந்தது. எனக்குப் பின்னால் நாலைந்து பேர். கல்லா பெல்ட்டில் ஒரு கேலன் பால், முட்டை, துவரம்பருப்பு, சின்னவளுக்குத் தயிர். அன்று நள்ளிரவு தாண்டியதும் ஃபுட் ஸ்டாம்ப், அதாவது சாப்பாட்டுச் சாமான் வாங்க அமெரிக்க அரசு தரும் உதவிப் பணம், அந்த மாதத்துக்கு 312 டாலர் கார்டில் ஏறியிருக்க வேண்டும். பாலுக்கு மட்டும் கைக்காசு கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

அது 2024 மார்ச். நாங்கள் நியூ ஜெர்சிக்கு வந்து ஒன்றரை வருஷம். கிரீன் கார்டில் வந்த பெரியவர்கள் ஃபுட் ஸ்டாம்புக்குப் பொதுவாக ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. ஆக, அது முழுக்க எங்கள் இரண்டு பெண்களின் சாப்பாட்டுப் பணம். ஸ்டாம்ப் என்பது பேருக்குத்தான், இப்போது எல்லாம் வங்கிக் கார்டு மாதிரித் தேய்க்கிற இபிடி கார்டு.

கார்டின் பின்னால் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். இரவு 12:04க்கு, நான் பெயர் மட்டும் கேள்விப்பட்ட ஒரு மாநிலத்துக் கடையில், ஒரே தடவையில் வழித்தெடுத்திருக்கிறார்கள். கார்டு என்னவோ என் பர்ஸில்தான் இருந்தது. ஊர் ரேஷனில் வாங்காத சர்க்கரைக்கு எஸ்எம்எஸ் வரும். இங்கே அதுகூட வரவில்லை.

மாடி வீட்டு அக்காதான் விளக்கினார். "கார்டு தேய்க்கிற மெஷின் மேலயே அச்சு அசலா இன்னொரு மூடி மாட்டிடுவாங்க. கார்டோட கறுப்புப் பட்டையில இருக்கறதை அது படிச்சுக்கும், பின் நம்பரை அந்த மூடியில இருக்கற பட்டனோ கேமராவோ பிடிச்சுக்கும்." அப்புறம் வெற்று கார்டு ஒன்றில் அதை ஏற்றிக்கொண்டு, பணம் விழும் தேதிக்காகக் காத்திருப்பார்களாம். வங்கிக் கார்டுகளுக்கெல்லாம் சிப் வந்துவிட்டது. திருடு போனால் சட்டப் பாதுகாப்பும் உண்டு. ஃபுட் ஸ்டாம்ப் பணத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. 2025இல் கலிஃபோர்னியா முதல் மாநிலமாகச் சிப் கார்டு கொடுக்கத் தொடங்கியது. என் பர்ஸில் இருப்பது இன்னும் வெறும் கறுப்புப் பட்டைதான்.

எங்கள் நல்ல நேரம், திருடு போனதை ஈடுகட்ட அப்போது அமெரிக்க மத்திய அரசின் சட்டம் ஒன்று இருந்தது. அதிகபட்சம் இரண்டு மாதத் தொகை வரை. படிவம் எழுதிக் கொடுத்துச் சில வாரங்களில் பணம் வந்தது. அதுவரை அக்கா வீட்டு அரிசிதான். அந்த ஏற்பாடு 2024 டிசம்பர் 20ஓடு முடிந்துவிட்டது. அதன்பின் திருடு போகும் பணத்துக்கு மத்திய அரசு ஈடு தருவதில்லை.

அதனால் இப்போது கார்டு எப்போதும் செயலியில் பூட்டியே இருக்கும். கல்லாவுக்கு முன்னால் வந்து நின்றுதான் திறப்பேன். பணம் ஏறுவதற்கு முந்தின நாள் பின் நம்பரை மாற்றுவேன். பழைய பின் பெரியவள் பிறந்த வருஷம். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. கடையில் மெஷினின் முகப்பைப் பிடித்து இழுத்துப் பார்ப்பது பெரியவளின் வேலை. மேலே மாட்டிய மூடி என்றால் சில சமயம் அசையும், பட்டன் அழுத்த விறைப்பாக இருக்கும். முதலில் முறைத்துப் பார்த்த கல்லாக்காரர், இப்போது எங்களைக் கண்டதும் தானே ஒரு இழுப்பு இழுத்துக் காட்டிவிட்டுத்தான் பொருளைத் தொடுகிறார்.

அம்மா ஊரிலிருந்து அனுப்பிய தினசரி நாட்காட்டியில் மாதாமாதம் 2ஆம் தேதித் தாளில், ராகு காலத்துக்குக் கீழே, 'பின்' என்று எழுதி வைத்திருக்கிறேன். போன வாரம் இவர் அதைப் பார்த்துவிட்டு, "இது என்ன விரதம்?" என்று கேட்டார்.