கர்ப்பகால சுகரும் தாய்ப்பாலும்: மாறுவது இனிப்பல்ல, நேரம்

கேரள-தமிழக எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் பிரசவ வீடுகளில் இந்தப் பேச்சு சாதாரணம்: "அம்மாவுக்கு சுகர், அந்தப் பாலைக் குடிச்சா பிள்ளைக்கும் வந்துரும்." வராது. தாய்ப்பாலின் இனிப்பு லாக்டோஸ். 100 மில்லிக்குச் சுமார் 7 கிராம். தாயின் ரத்தத்தில் சர்க்கரை 100 ஆனாலும் 160 ஆனாலும் அது பெரிதாக அசையாது. அசைவது ஹார்மோன்கள், அவற்றால் தள்ளிப்போவது பால் இறங்கும் நேரம்.

கர்ப்பத்தின் பின்பாதியில் நஞ்சு (நஞ்சுக்கொடி) சுரக்கும் லாக்டோஜென், புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்கள் இரண்டோடு கார்டிசோல் ஹார்மோனும் சேர்ந்து இன்சுலினை வேலை செய்ய விடுவதில்லை. கணையம் அதிகம் சுரந்து ஈடுகட்டினால் சரி. முடியாதவர்களுக்கு, 75 கிராம் குளுக்கோஸ் குடித்த 2 மணி நேரத்தில் எண் 140ஐத் தொட்டுவிடும். இவர்கள் ரத்தத்தில் பெரும்பாலும் பசியை அடக்கும் ஹார்மோனான லெப்டின் கூடுதல், இன்சுலினுக்குத் துணைநிற்கும் அடிபோனெக்டின் குறைவு.

நஞ்சு வெளியே வந்ததும் புரோஜெஸ்டிரோன் சரிந்து, பால் சுரக்க வைக்கும் புரோலாக்டினுக்கு வழிவிடுகிறது. 2, 3 நாளில் மார்பு கனத்துப் பால் இறங்க வேண்டும். ஆனால் பால் சுரக்கும் செல்களுக்கு இன்சுலினும் தேவை. அதற்கு மந்தமான உடம்பில் அந்தச் செல்களும் மந்தம்தான். அதனால் பலருக்கு 72 மணி நேரம் தாண்டியும் பால் வராது. சிசேரியனும் அதிக எடையும் சேர்ந்தால் இன்னும் இழுக்கும். இதைப் பார்த்து "பாலே இல்லை" என்று மூன்றாம் நாளே பால்பவுடர் டப்பாவை உடைப்பதுதான் பெரிய சேதம்: பிள்ளை சப்புவது குறைய, சுரப்பும் குறையும்.

பாலிலும் இன்சுலின் உண்டு, ஏறக்குறைய ரத்தத்தில் உள்ள அளவுக்கே. சுகர் உள்ள தாய்மாரின் பாலில் அது கூடுதலாக இருப்பதாகச் சில ஆய்வுகள் காட்டின. குழந்தையின் குடல் முதிர அது உதவுகிறது. குழந்தையின் சர்க்கரையைத் தடாலென இறக்கிவிடாது. பாலின் லெப்டின் தாயின் எடையைப் பொறுத்து ஏறி இறங்கும். அடிபோனெக்டினில் ஆய்வுக்கு ஆய்வு முடிவு மாறுகிறது. இவற்றில் எதுவும் பாலை நிறுத்தக் காரணமாகாது. இன்சுலின் ஊசி, மெட்ஃபார்மின் இரண்டோடும் பால் கொடுக்கலாம்.

அவசரம் குழந்தை பக்கம்தான். தாயின் சர்க்கரை நஞ்சைக் கடந்து போகும், இன்சுலின் கடக்காது. ஆகவே குழந்தை தானே நிறைய இன்சுலின் சுரந்து பழகியிருக்கும். கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நிற்கும், இன்சுலின் நிற்காது. முதல் 1, 2 மணி நேரத்தில் எண் சறுக்குவது இதனால்தான். முதல் மணி நேரத்துக்குள் மார்பில் போடுங்கள். பிறகு 2, 3 மணிக்கொரு முறை. குதிகாலில் குத்திப் பார்ப்பதைத் தடுக்காதீர்கள். 45க்குக் கீழே என்றால் டாக்டர் உடனே பார்க்க வேண்டும்.

குழந்தை சப்பாவிட்டால் சீம்பாலைக் கையால் பீய்ச்சலாம். காம்பிலிருந்து 2, 3 சென்டிமீட்டர் தள்ளி, கட்டைவிரல் மேலே, மற்ற விரல்கள் கீழே. முதலில் நெஞ்சுப் பக்கம் அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து, விட வேண்டும். தோலின் மேல் விரலை இழுத்தால் வலிதான் மிச்சம். ஒரு ஸ்பூன் வந்தாலும் பாலாடையில் கொடுங்கள்; முதல் நாள் ஒரு வேளைக்கு 5 மில்லியே தாராளம். வேறு சிக்கல் இல்லாதவர்கள் 36 வாரத்திலிருந்தே பீய்ச்சிச் சேர்த்து வைப்பதால் கெடுதல் இல்லை என்று 2017இல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பத்தியச் சாப்பாட்டில் வில்லன் லேகியம். மலையாள வீட்டு உள்ளி லேகியமானாலும் நம் பிரசவ லேகியமானாலும் பெரும்பங்கு வெல்லமோ கருப்பட்டியோதான். உலுவாக் கஞ்சியில் வெந்தயம் நல்லது, அதில் கரையும் வெல்லம் வேண்டாம். பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு, மட்டை அரிசிக் கஞ்சியோடு பயறு எல்லாம் ஆகும். அரிசியின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாளுக்கு 750 மில்லி பால் என்றால் 50 கிராமுக்கு மேல் லாக்டோஸ். அவ்வளவு சர்க்கரை தாயின் உடம்பிலிருந்து கழிகிறது. கர்ப்பகால சுகர் இருந்தவர்களைக் கலிஃபோர்னியாவில் 2 ஆண்டு பின்தொடர்ந்து 2015இல் வெளியான ஆய்வில், முழுக்கத் தாய்ப்பால் கொடுத்தவர்களுக்குப் பின்னாளில் நீரிழிவு வந்தது ஏறக்குறைய பாதிதான்.

பிரசவத்துக்குப் பிறகான சர்க்கரைச் சோதனை தவறுவது பெரும்பாலும் மாநில எல்லையில்தான்: செக்கப் பாலக்காட்டில், பிரசவம் பொள்ளாச்சியிலோ கோவையிலோ, தாய்வீடு வேறெங்கோ. 6ஆம் வாரத் தடுப்பூசிக்குப் பிள்ளையைத் தூக்கிப் போகும் நாளிலேயே வெறும் வயிற்றில் 75 கிராம் சோதனையையும் முடியுங்கள். வெறும் வயிற்றில் 126 அல்லது 2 மணியில் 200 என்றால் நீரிழிவு. 2 மணியில் 140 முதல் 199 என்றால் எல்லைக்கோடு. பிரசவ ரத்தப்போக்கு கணக்கைக் குழப்பும் என்பதால் அப்போது மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி மட்டும் போதாது. நடுவில் பால் கொடுத்தால் இரண்டாவது எண் சற்றுக் குறையலாம்; ஆகவே கரைசல் குடிக்கும் முன்பே வயிறு நிறையக் கொடுத்துவிடுங்கள். அப்படியும் அழுதால் கொடுங்கள், லேப்காரரிடம் சொல்லிக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.