ஊரப்பாக்கத்துல வீடு

ஒரு வழியா வீடு புக் பண்ணியாச்சு மக்களே. ஊரப்பாக்கம், கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுக்கு பைக்ல போற தூரம்தான்.

இதுக்கு முன்னாடி முடிச்சூர் பக்கம் ஒரு ஃபிளாட் பாத்தோம், மாடல் வீடு அவ்ளோ அழகு, நானும் அவரும் கிட்டத்தட்ட முடிவே பண்ணிட்டோம். அம்மா மட்டும் உள்ள வரல, எதிர்த்த வீட்டு திண்ணைல உக்காந்து அந்த வீட்டு அக்காகிட்ட பேசிட்டு இருந்தாங்க. அந்த அக்கா காம்பவுண்டு சுவத்துல கை வச்சு காட்டுனாங்க, 2015 டிசம்பர்ல அடையாறு வெள்ளம் வந்து நின்ன கோடு, மேல பெயின்ட் அடிச்சும் மங்கலா தெரியுது, என் தோளுக்கு மேல இருந்துச்சு. அப்படியே திரும்பி வந்துட்டோம்.

வாங்கப்போறவங்க தயவுசெஞ்சு மழைக்காலத்துல ஒருதடவ போய் பாருங்க, அக்கம்பக்கத்துல கேளுங்க. பில்டர்கிட்ட ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு நம்பர வாங்கி நீங்களே அவங்க வெப்சைட்ல செக் பண்ணுங்க. எங்ககிட்ட ஒரு இடத்துல வெறும் ரசீது குடுத்துட்டு 20% அட்வான்ஸ் கேட்டாங்க, அக்ரிமென்ட் ரிஜிஸ்டர் பண்ணாம 10%க்கு மேல வாங்கவே கூடாதுன்னு சட்டம் இருக்கு, அத சொன்னதும் பேச்சே மாறிடுச்சு. படிக்கட்டு, லிஃப்ட்னு பொது இடத்தையும் சேத்து சொல்ற சூப்பர் பில்டப் கணக்க நம்பாதீங்க, வீட்டுக்குள்ள நாம புழங்குற கார்பெட் ஏரியாவும், நிலத்துல நம்ம பங்கான யுடிஎஸ்ஸும் எவ்ளோன்னு எழுத்துல வாங்கிக்கோங்க. அந்த சொத்து மேல பதிவான விற்பனை, அடமானம் எல்லாம் காட்டுற வில்லங்க சான்று 30 வருஷத்துக்கு போட்டு வக்கீல்கிட்ட காட்டுனோம், அந்த செலவுக்கு யோசிக்கவே யோசிக்காதீங்க.

நேத்து அம்மாவ கூட்டிட்டு போனேன். இன்னும் பூச்சு கூட முடியல, பால்கனில நின்னு துளசி மாடம் இங்கதான்னு சாக்பீஸால ஒரு கட்டம் போட்டுட்டு வந்திருக்காங்க.