ஓடி முடித்ததும் குனியலாம், தப்பில்லை

400 மீட்டர் ஓடும் பசங்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். எங்கள் காலத்து பி.டி. வாத்தியார்கள், ஓடி முடித்ததும் கையைத் தலைமேல் வைத்து நிமிர்ந்து நில் என்பார்கள். குனிந்தால் திட்டு. ஆனால் 2019-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முழங்காலில் கையூன்றிக் குனிந்த கால்பந்து வீராங்கனைகளுக்குத்தான் இதயத்துடிப்பு சீக்கிரம் இறங்கியது. நுரையீரலுக்குக் கீழே இருக்கும் மூச்சுத் தசையான உதரவிதானம் வேலை செய்ய அந்த நிலைதான் வசதி.

முதல் ஓரிரு நிமிடம் மூச்சை அடக்கச் சொல்லவே மாட்டேன். உடம்பு கரியமில வாயுவை வெளியே தள்ள இரைக்கிறது, இரைக்கட்டும். அப்புறம் மெதுவாக நடை. மூச்சு தணிந்த பிறகு மல்லாந்து படுத்து, மூக்கு வழியாக 4 விநாடி உள்ளே, 6 விநாடி வெளியே. நிமிடத்துக்கு 6 மூச்சு, ஐந்து நிமிடம் போதும். மூச்சு வெளியே போகும்போது வேகஸ் நரம்பு இதயத்தின் வேகத்தைக் குறைக்கிறது. அதனால்தான் வெளிமூச்சு நீளம். கும்பகமெல்லாம் (மூச்சை உள்ளே நிறுத்திப் பிடிப்பது) இப்போது வேண்டாம்.

இந்த மூச்சுப் பயிற்சியால், ஓடும்போது தசையில் சேரும் லாக்டிக் அமிலம் கரைந்துவிடும் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அந்த வேலைக்கு மெதுவோட்டம்தான் சரி.