கொடியும் கொடுத்த வாக்கும்: பர்மிங்ஹாம் நாட்குறிப்பு

19 ஆகஸ்ட் 2025, செவ்வாய்

பிரிஸ்டல் ரோட் முழுக்கக் கொடி. வேலை முடிந்து 63ஆம் இலக்க பஸ்ஸின் மேல்தட்டில் இருந்து வரும்போது நோர்த்ஃபீல்ட் வரைக்கும் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு விளக்குக் கம்பத்தில் பிரித்தானியாவின் யூனியன் ஜாக், அடுத்ததில் இங்கிலாந்துக் கொடியான செயின்ட் ஜோர்ஜின் சிவப்புச் சிலுவை. பக்கத்து வீலி காசிலில் சிலர் தொடங்கிய வேலை, இப்போது நாடு முழுக்கப் பரவிவிட்டது. சில ஊர்களில் ரவுண்டபவுட்டுகளிலும் சிவப்புப் பெயின்ட் பூசியிருக்கிறார்கள்.

கவுன்சில் கழற்றப்போகிறதாம். கம்பங்களில் எல்.ஈ.டி விளக்கு மாற்றும் வேலை நடக்கிறது, மேலதிகப் பாரம் ஏற்றினால் கம்பம் பலவீனப்படும் என்று காரணம் சொல்கிறார்கள். பஸ் தரிப்பிடத்தில் ஒரு பெண் உரக்கக் கேட்டார்: "குப்பை எடுக்க ஆளில்லை, கொடி எடுக்க மட்டும் ஆள் வருமோ?" அந்தக் கோபம் எனக்கு விளங்குகிறது. மார்ச் மாதத்திலிருந்து துப்புரவுத் தொழிலாளரின் முழு வேலைநிறுத்தம். 2023இல் தன்னிடம் காசில்லை என்று அறிவித்த கவுன்சில், வரியைச் சென்ற ஆண்டு ஏறத்தாழ 10 வீதமும் இந்த ஆண்டு 7.5 வீதமும் கூட்டியது. பாலஸ்தீனக் கொடிகள் மாதக்கணக்கில் கம்பங்களில் தொங்கினவே, அப்போது எங்கே போனீர்கள் என்றும் கேட்கிறார்கள். கேட்கத்தான் செய்வார்கள்.

ஆனால் இதே கொடியைத்தான் எப்பிங்கில் அகதிகள் தங்கியிருக்கும் ஹோட்டலுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கம்பத்தில் கட்டியவர் எந்த மனதோடு கட்டினார் என்பது கீழே நடந்து போகும் எனக்கு எப்படித் தெரியும்?

24 ஆகஸ்ட், ஞாயிறு

பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு 81 வயது. லோங்பிரிட்ஜ் கார்த் தொழிற்சாலையில் 2005இல் அது மூடப்படும்வரை வேலை செய்தவர். சுமார் 6,000 பேருக்கு ஒரே தடவையில் வேலை போன தொழிற்சாலை அது. அவர் வீட்டு மேல்மாடி ஜன்னலுக்குக் கீழே ஒரு செயின்ட் ஜோர்ஜ் கொடி எப்போதும் இருக்கும். பருத்தித் துணி, ஓரம் மடித்துத் தைத்தது. காலஞ்சென்ற அவர் மனைவி தைத்தாராம். மழை வந்தால் கயிற்றை இழுத்து உள்ளே எடுத்துவிடுவார்.

இவரைப் பராமரிக்க வரும் பிள்ளை மதுரைப் பக்கம். 2022இல் பராமரிப்புப் பணி விசாவில் வந்தவள். இன்று காலை என் கதவைத் தட்டினாள். "அக்கா, ரோடு முழுக்க இந்தக் கொடி. இவர் வீட்டுலயும் இருக்கு. முன்னாடி ஒண்ணும் தோணல. இப்ப உள்ள போக ஒரு மாதிரியா இருக்கு."

"வா பிள்ளை, நானும் வாறன்" என்று கூட்டிக்கொண்டு போனேன்.

அவள் இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவரிடம் நேரடியாகவே கேட்டேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "என் சுவரில் இருப்பது என்னுடையது. ஏன் வைத்தாய் என்று நீ வந்து என்னைக் கேட்கலாம், நான் பதில் சொல்வேன். கம்பத்தில் இருப்பதைப் பற்றி யாரிடம் போய்க் கேட்பாய்?" திரும்பி வரும்போது வாசல் கம்பத்தில் இருந்ததை உற்றுப் பார்த்தேன். பாக்கெட்டில் மடித்த கோடு இன்னும் மாறாத பொலியஸ்டர், இரண்டு கேபிள் டை, ஒரு முனை ஏற்கனவே நூல் பிரிந்து ஆடுகிறது. மழையில் அதை உள்ளே எடுக்க ஒருவரும் வரப்போவதில்லை.

அடுத்த தேர்தலில், குடிவரவை எதிர்க்கும் ரிஃபார்ம் கட்சிக்குத்தான் வாக்கு என்றும் பெரியவர் சொன்னார். அவரோடு எனக்கு அதில் உடன்பாடில்லை. சொன்னேன். தேநீர் குடித்தோம்.

14 செப்டம்பர், ஞாயிறு

நேற்று லண்டனில் தீவிர வலதுசாரி டொமி ராபின்சன் கூட்டிய பேரணியில் ஒரு இலட்சத்துப் பத்தாயிரத்திலிருந்து ஒன்றரை இலட்சம் பேர் வரை என்று பொலிஸ் சொல்கிறது. 26 பொலிஸாருக்குக் காயம். இலோன் மஸ்க் காணொளியில் தோன்றிப் பேசினார். அந்தத் திரளில் எத்தனையோ பேர் பிள்ளைகளோடு வந்த சாதாரண மனிதர்கள் என்பதையும் நான் மறுக்கவில்லை.

நாட்டுப்பற்று என்றால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது சவுத்போர்ட். 2024 ஜூலையில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். மறுநாள் இரவு, பொய் வதந்தியை நம்பி வந்த கும்பல் பள்ளிவாசலைத் தாக்கியது. அதற்கடுத்த காலையில் ஊர்க்காரர்கள் சிமெந்தும் கரண்டியும் கொண்டுவந்து உடைந்த சுவரைத் திரும்பக் கட்டினார்கள். கொத்தனார்கள் கூலி வாங்காமல் வேலை செய்தார்கள். ஊர் தன்னுடையது என்று நினைப்பவன்தான் அப்படிச் செய்வான். இரவில் கல்லெறிந்தவர்களும் தங்களை நாட்டுப்பற்றாளர் என்றுதான் அழைத்துக்கொண்டார்கள். இரண்டையும் ஒரே பெயரால் அழைக்க எனக்கு மனம் வராது.

23 செப்டம்பர், செவ்வாய்

ரிஃபார்ம் கட்சித் தலைவர் நைஜல் ஃபராஜ் நேற்று அறிவித்திருக்கிறார்: ஆட்சிக்கு வந்தால் நிரந்தர வதிவிட உரிமை என்பதையே ஒழிப்பாராம். ஏற்கனவே பெற்றவர்களும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை, கூடிய சம்பளம் காட்டி, புதிதாக விசா கேட்க வேண்டுமாம்.

ஈழத்தவருக்கு இந்த வகைச் செய்தி வெறும் செய்தி அல்ல. சுதந்திரம் கிடைத்த அதே 1948இல் இலங்கை நாடாளுமன்றம் குடியுரிமைச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக வேலை செய்த ஏழு இலட்சம் அளவான மலையகத் தமிழர் ஒரு சட்டத்தால் நாடற்றவர் ஆனார்கள். அவர்கள் எந்தக் குற்றமும் செய்யவில்லை, ஓர் அங்குலம்கூட இடம் மாறவில்லை. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இருவரும் உட்கார்ந்து, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பங்கு பிரித்தார்கள். சட்டம் போட்டவர்கள் எல்லோரும் தேசபக்தர்கள் என்றே மாலை வாங்கினார்கள். பிரித்தானியா அந்த வழியில் போய்விடும் என்று நான் சொல்லவில்லை. இங்கே நீதிமன்றம் இருக்கிறது, எதிர்த்துக் கேட்க ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் வந்து வாழ்ந்துவிட்ட மனிதருக்கு முன்தேதியிட்டு விதியை மாற்றுவது எங்கே கொண்டுபோய் விடும் என்று எங்களுக்குத் தெரியும்.

30 செப்டம்பர், செவ்வாய் இரவு

லிவர்பூலில் தொழிற்கட்சி மாநாடு. பிரதமர் கீர் ஸ்டார்மர் பேசும்போது மண்டபம் முழுக்கக் கொடிகள் ஆடின. ஃபராஜின் திட்டத்தை இனவாதக் கொள்கை என்று இரண்டு நாளுக்கு முன்னர் வெளிப்படையாகச் சொன்னவர் இவர். அதற்காக நான் மதிக்கிறேன்.

இந்தக் கட்சிக்கும் கொடிக்கும் இடையில் பழைய வழக்கு ஒன்று உண்டு. 2014இல் ரொசெஸ்டர் இடைத்தேர்தலின்போது எமிலி தோர்ன்பெரி ஒரு வீட்டின் படத்தை ட்விட்டரில் போட்டார்: சிலுவைக் கொடிகள், வாசலில் வெள்ளை வான். உழைப்பாளிகளை இளக்காரம் செய்கிறார் என்று கூச்சல் எழுந்து அன்றே நிழல் அமைச்சரவையிலிருந்து விலகினார். 2015இல் செயின்ட் போல்ஸ் தேவாலயத்தில் அப்போதைய தலைவர் ஜெரமி கோர்பின் தேசிய கீதம் பாடாமல் நின்றது நாள்கணக்கில் தலைப்புச் செய்தி. 2022இல், அரசி மறைந்து சில வாரங்களில், ஸ்டார்மர் மாநாட்டையே தேசிய கீதத்தோடு தொடங்கினார். கொடியை மற்றவனுக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற முடிவு சரியானது. இது என் கொடியும்தான். 2006இல் அரசிக்கும் அவர் வாரிசுகளுக்கும் விசுவாசம் என்றும், நாட்டின் உரிமைகளையும் சுதந்திரங்களையும் மதிப்பேன் என்றும், சட்டப்படி நடப்பேன் என்றும் உறுதிமொழி எடுத்து இந்தக் குடியுரிமையைப் பெற்றவள் நான். பிறந்ததால் கிடைத்தவர்கள் அப்படி ஒரு வாக்கு ஒருநாளும் கொடுத்ததில்லை. நான் கொடுத்தேன், காப்பாற்றுகிறேன்.

அதே மாநாட்டில் நேற்று உள்துறைச் செயலர் ஷபானா மஹ்மூத் பேசியது என்னை உறுத்துகிறது. நாட்டுப்பற்று சிறுத்துப்போய் இனப்பற்றாக மாறுகிறது என்று எச்சரித்தார். உண்மையான பேச்சு. ஆனால் அதே மூச்சில், நிரந்தர வதிவிடத்துக்கு இனிப் புதுப் புது நிபந்தனைகள் என்றார். மக்கள் மனம் இவர்கள் பயப்படும் அளவுக்குச் சுருங்கிப்போகவில்லை. பிரித்தானியச் சமூக மனப்பாங்கு ஆய்வு சொல்வதைப் பாருங்கள்: உண்மையான பிரித்தானியர் ஆக இங்கே பிறந்திருப்பது முக்கியம் என்றவர்கள் 2013இல் 74 வீதம், 2023இல் 55 வீதம். வரலாற்றைப் பற்றிய பெருமையும் 86இலிருந்து 64க்கு இறங்கியிருக்கிறது. இதை நாட்டுப்பற்றின் சரிவு என்று சிலர் ஒப்பாரி வைக்கிறார்கள். கதவு கொஞ்சம் அகலமாகியிருக்கிறது என்று நான் வாசிக்கிறேன்.

8 அக்டோபர், புதன்

கன்சர்வேடிவ் எம்.பி. ரொபர்ட் ஜென்ரிக் எங்கள் நகரத்து ஹான்ட்ஸ்வர்த்தைப் பற்றி மார்ச்சில் பேசிய ஒலிப்பதிவு வெளிவந்திருக்கிறது. ஒன்றரை மணி நேரம் இருந்தும் இன்னொரு வெள்ளை முகத்தைக் காணவில்லையாம், அப்படி ஒரு நாட்டில் வாழ விரும்பவில்லையாம். நிறத்தைப் பற்றியதல்ல, மதத்தைப் பற்றியதல்ல என்றும் சேர்த்துக்கொண்டார். ஆகஸ்டில் ஏணி வைத்து விளக்குக் கம்பத்தில் கொடி கட்டியவர் இவர்.

அவர் அங்கே போனதே குப்பையைப் படம்பிடிக்கத்தான். சோஹோ ரோட்டில் நான் மாதம் ஒருமுறையாவது மரக்கறி வாங்கப் போவேன். முருங்கைக்காய் கட்டுக் கட்டாக வாசலில் கிடக்கும். அங்கிருந்து சற்று நடந்தால் செயின்ட் மேரி தேவாலயம். நீராவி இயந்திரத்தை மேம்படுத்திய ஜேம்ஸ் வாட்டும் மத்தியூ போல்ட்டனும் அங்கேதான் அடக்கம். இந்த நாட்டின் தொழிற்புரட்சியின் சமாதி இருக்கும் ஊர் அது. அதைச் சுற்றி வாழ்பவர் யாரும் அந்தக் கல்லறையை மறைக்கவுமில்லை, இடிக்கவுமில்லை. நாட்டை நேசிப்பதாகச் சொல்பவர் அந்தக் கதவைத் தட்டிப் பார்த்திருக்கலாம். முகங்களை எண்ணிக்கொண்டு திரும்பிப் போனார்.

24 அக்டோபர், வெள்ளி

வேல்ஸில் கேர்ஃபிலி இடைத்தேர்தல் முடிவு: வேல்ஸ் தேசியக் கட்சியான பிளைட் கம்ரி வென்றது, ரிஃபார்ம் இரண்டாமிடம், காலங்காலமாக வைத்திருந்த தொழிற்கட்சி மூன்றாமிடம். யூனியன் ஜாக்கில் வேல்ஸுக்கு ஒரு கோடுகூட இல்லை. அந்த நாட்டிலும் ஊர்ப்பற்றைப் பேசித்தான் வென்றிருக்கிறார்கள், வந்தவரை விரட்டுவதைப் பேசி அல்ல. இப்படியும் முடிகிறது.

9 நவம்பர், ஞாயிறு

போரில் இறந்தவர்களுக்கான நினைவு ஞாயிறு. நகர மையத்தில் நினைவு மண்டபத்துக்குப் போனேன். மதுரைப் பிள்ளைக்கு இன்று காலை லீவு, அவளும் வந்தாள். அவளுடைய பூட்டன் மெட்ராஸ் சேப்பர்ஸ் படையில் பர்மா போனவராம். இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையில் 25 இலட்சம் பேர். பொப்பி மலர் குத்திய ஒரு முதியவர் அதைக் கேட்டு அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

எனக்கு அது மகிழ்ச்சிதான். ஆனாலும் பூட்டன் போருக்குப் போனதால் அவளுக்கு உரிமை என்று வாதாட எனக்கு விருப்பமில்லை. அப்படியென்றால் யாரும் போருக்குப் போகாத வீட்டுப் பிள்ளையின் கதி? அவள் இன்று உயிரோடு இருக்கும் ஒரு மனிதரைக் குளிப்பாட்டுகிறாள். அது போதும்.

21 நவம்பர், வெள்ளி

நிரந்தர வதிவிடத்துக்கு எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும் என்ற அரசாங்கத் திட்டத்தின் விவரம் நேற்று வந்துவிட்டது. பொதுவாக ஐந்து ஆண்டு பத்தாகிறது. தேசிய சுகாதாரச் சேவை மருத்துவருக்கும் தாதியருக்கும் ஐந்து. ஆண்டுக்கு 125,140 பவுண்டுக்கு மேல் உழைப்பவருக்கு மூன்று. பராமரிப்புப் பணியாளருக்குப் பதினைந்து. இங்கே நிரந்தரமாகத் தங்குவது உரிமையல்ல, சம்பாதித்துப் பெறவேண்டிய சலுகை என்றார் மஹ்மூத். பர்மிங்ஹாம் லேடிவுட் எம்.பி. அவர், குடிபெயர்ந்து வந்தவர்களின் மகள். ஏற்கனவே இங்கே இருப்பவர்களுக்கும் இது பொருந்துமாம்.

பிள்ளை சமையலறையில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினாள். 2027 என்று நினைத்திருந்தது 2037 ஆகிறது. "அக்கா, நான் வரும்போது அஞ்சு வருஷம்னுதானே சொன்னாங்க?" குடியுரிமைப் பரீட்சைப் புத்தகம் அவளுடைய பையில் எப்போதும் இருக்கும். மக்னா கார்ட்டா ஆண்டு கேட்டால் தூக்கத்திலும் 1215 என்பாள்.

பெரியவருக்கு நான்தான் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். "வேலை போனபோது வாக்குத் தந்தவர்களைத் தேடித் திரிந்தவன் நான்" என்றார். பிறகு, ஆட்களின் எண்ணிக்கை குறையத்தான் வேண்டும், ஆனால் இவளுக்கு இப்படிச் செய்யக் கூடாது என்றார். அவள் ஒருத்திக்கு விலக்கு, சட்டம் மற்றவர்களுக்கு. அந்த இடத்தில் நாங்கள் சத்தமாகவே வாதாடினோம். அவள் செய்யும் அதே வேலையை முகம் தெரியாத ஆயிரக்கணக்கானோர் இன்னொரு பெரியவருக்குச் செய்கிறார்கள் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

எங்கள் எம்.பி.க்கு எழுதிவிட்டேன். பராமரிப்புத் துறையில் ஆளில்லை என்று 2022இல் இந்த நாடுதான் விசாவைத் திறந்தது, அன்றைய விதி ஐந்து ஆண்டு, அதை நம்பி வீட்டை விற்றும் நகையை அடகுவைத்தும் வந்தார்கள், வந்தபின் விதியை மாற்றுவது இந்த நாட்டின் பெயருக்கே இழுக்கு என்று எழுதினேன். இனி வருபவருக்கு வேறு விதி வைப்பது நாடாளுமன்றத்தின் உரிமை, அதோடு நான் சண்டைக்கு நிற்கவில்லை என்றும் எழுதினேன்.

அரசாங்கம் மக்களின் கருத்தைக் கேட்கிறது, பெப்ரவரி 12 வரைக்கும் நேரம் இருக்கிறது. கேள்விகள் நீளம், ஆங்கிலம் கடினம். அடுத்த சனிக்கிழமையிலிருந்து தமிழ்ப் பள்ளி வாசலில் ஒரு மேசை போட்டு, நிரப்பத் தெரியாதவர்களுக்கு நிரப்பிக்கொடுக்கப்போகிறோம். லாப்டொப் இரண்டு கிடைத்துவிட்டது, இன்னும் ஒன்றாவது வேண்டும்.